மணலுக்கடியில் வெங்காயம்

நவம்பர் 4

வெள்ளம் வடிந்து ஒன்பது நாள். வெங்காய வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு மணல். அறுவடைக்குப் பத்து நாள்தான் இருந்தது. இன்று சர்வேயர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார், ஏதோ எழுதினார், போய்விட்டார்.

நவம்பர் 11

நிவாரணப் பட்டியலைத் தாலுகா அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கு நேரே: ‘தரிசு நிலம். பயிர்ச் சேதம் இல்லை.’

தரிசா? மூன்று மாதம் குனிந்து களை எடுத்த முதுகு இன்னும் நிமிரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் ஒரு வயலையே காகிதத்தில் மறைத்துவிட்டார்கள்.

நவம்பர் 13

விசாரிக்கப் போனேன். அலுவலகத்தில் அதிகாரி ஒரு வழி சொன்னார். நிலத்தை மண் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தால் வருஷா வருஷம் மானியம் வருமாம். புல் வளர விட வேண்டும், பத்து வருஷம் உழக் கூடாது. அதற்கு, அது ஏற்கெனவே தரிசுதான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

திட்டம் நல்லதுதான். ஆற்றை ஒட்டிய கடைசித் துண்டுக்கு நானே கேட்டிருப்பேன். ஆனால் முழு வயலுமா? அதுவும் பொய் சொல்லியா?

பக்கத்து வயல் அண்ணனுடையது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

“கெடைக்கிறத வாங்கிக்கிட்டு சும்மா இரேன். அவங்ககிட்ட மோதி ஜெயிக்க முடியுமா?”

“தரிசுன்னா, இத்தனை நாளா நான் அங்க என்னண்ணே பண்ணிக்கிட்டிருந்தேன்?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் 14

கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். வயலை மறுபடி அளக்கச் சொல்லி மனு கொடுத்தேன்.

நவம்பர் 17

மறு அளவை கேட்டு இரண்டாவது மனுவும் கொடுத்தாயிற்று. வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை பள்ளம் தோண்டுகிறேன். ஈர மணல் சரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அண்ணி வெகுநேரம் வரப்பில் நின்று பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அண்ணன் திட்டுவானே என்றேன்.

“கையெழுத்துப் போட்டது அவர் கை. இது என் கை.”

நவம்பர் 21

மூன்றாவது மனுவுக்கு சர்வேயர் வந்தார். ஜீப்பிலிருந்தே நன்றாகத் தெரிகிறது, இறங்க வேண்டியதில்லை என்றார்.

“அப்போ போன தடவ ஏன் சார் தெரியல?”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். பள்ளத்தின் அடியில் வரிசை வரிசையாக அழுகிய வெங்காயம். அந்த நாற்றத்தில் யாராலும் அதைத் தரிசு என்று சொல்ல முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன்.

“வெங்காயம். முழுச் சேதம்.”

இவர் முன்னால் அழுவதா? விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 9

புதுப் பட்டியலில் என் வயல் இருக்கிறது. ஆற்றோரத் துண்டை மட்டும் நானாகவே புல்லுக்கு விட்டேன், அதற்கு மனதாரக் கையெழுத்தும் போட்டேன்.

மீதியில் மணல் வாரிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற மனு எப்படி எழுதுவது என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

வரப்பில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். முடிக்கும்வரை என் மணலை அவன் வாரினான்.