மூன்றாம் நாள் மதியம்

12 ஜனவரி 2025

பாரிஸுக்கு வருவதாக நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனியில் பேக்கிங்கில் அவளுக்கு என் பக்கத்து மேசை. டூர், பெண்கள் மட்டும், ஏப்ரலில் நாலு நாள். "கலாக்கா, நீயும் வாயேன்" என்றாள். என் வாயில் சோறு. தலையை ஆட்டிவிட்டேன்.

எதுக்கு ஆட்டினேன்? ஊரைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா?

13 ஜனவரி

எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன். ஆள், என் வீட்டுக்காரர் இளஞ்செழியன். பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர். 2004-இல் கல்யாணம். இந்த ரெட்டியார்பாளையம் வீட்டில் என்னோடு நாற்பது நாள் இருந்தார். "ஆறு மாசத்துல பேப்பர் ரெடியாயிடும், வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பாரிஸுக்கு விமானம் ஏறினார். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. கடைசியாக அவர் ஃபோன் பண்ணி ஒன்பது வருஷம்.

26 ஜனவரி

டூர்காரர் பட்டியல் அனுப்பினார். முதல் நாள் ஈஃபில் டவர். இரண்டாம் நாள் அரண்மனை. மூன்றாம் நாள் காலையில் பெரிய மாதா கோயில், மதியம் "சொந்த நேரம்". அதில் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதித் தர வேண்டுமாம். எல்லாரும் 'கடை' என்று எழுதினார்கள். நிர்மலா மட்டும் 'படகு'. நான் எழுதவில்லை.

அவர் முகவரியைப் பர்ஸில் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

18 பிப்ரவரி

விசா மையத்தில் மானம் போச்சு. விண்ணப்பத்தில் 'திருமணமானவர்' என்று குறித்திருந்தேன், கணவர் பிரெஞ்சுக்காரர் என்றும். கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க டூரிஸ்ட் இல்லம்மா. அதுக்கு வேற பிரிவு. உங்க சாரோட பாஸ்போர்ட் நகலும் லிவ்ரேயும் எடுத்துட்டு வாங்க."

லிவ்ரே. கல்யாணத்தைக் கான்சுலேட்டில் பதிந்தால் தரும் குடும்பப் புத்தகம். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். என்னுடையது அவரிடம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்குமில்ல?

25 பிப்ரவரி

இல்ல.

கல்யாணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கான்சுலேட்டுக்கே போய்க் கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கல்யாணம் இங்க பதிவாகவே இல்லம்மா. அவர் விண்ணப்பமே போடல."

அப்ப பேப்பர் எப்படி வரும்? அவங்க நோட்டுல அவருக்குக் கல்யாணமே ஆகல. இங்க முனிசிபாலிட்டி நோட்டுல எனக்கு ஆயிடுச்சு. நான் யாரு? பீச் ரோடு வரைக்கும் நடந்து போய் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் சுண்டல்காரர் இருந்ததால் அதிகமாக அழ முடியவில்லை.

3 மார்ச்

புது விண்ணப்பம். 'பிரிந்து வாழ்பவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாற்பது நாளைச் சேர்ந்து வாழ்ந்த கணக்கில் வைக்கலாமா? "குறி, கலாக்கா. பேனாவை எவ்ளோ நேரம் தூக்கிக்கினே இருப்ப?" என்றாள் நிர்மலா. குறித்தேன்.

24 மார்ச்

விசா வந்துவிட்டது. சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை.

30 மார்ச்

யார் சொன்னார்களோ, அத்தை, அவருடைய அம்மா, லாஸ்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். இந்த ஊரில் ஒருவர் பாரிஸ் போனால் போதும், பத்து வீட்டுப் பொட்டலம் கூடவே போகும். ஆனால் அத்தைகூடவா? கையில் ஒரு கிலோ தாளிப்பு வடகம். "போறதுதான் போற, இத அவன்கிட்ட குடுத்துடும்மா. மீன் கொழம்புக்கு இது இல்லாம அவனுக்கு எறங்காது."

மகனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். என்ன பொம்பள நான்.

6 ஏப்ரல்

ஃபோன். அவர்தான். குரல் தடித்துப்போயிருக்கிறது.

"வர்றியாமே. எதுக்கு?"

"ஊர் சுத்திப் பாக்க."

"வீட்டுப் பக்கம் வந்துடாத. இங்க அவ இருக்கா, புள்ளைங்க இருக்கு. அம்மா குடுத்த வடகத்த மட்டும் டவர்கிட்ட வந்து வாங்கிக்கிறேன். என்னிக்கி தோதுப்படும்?"

மூணாம் நாள் மதியம்னு சொன்னேன். சரின்னு வச்சிட்டார். அவ யாருன்னு நான் கேட்கல. ஏன் கேட்கல? வாய் இருந்துச்சே. அவ்வளவு வயித்தெரிச்சல், அப்பவும் நாள் குறிச்சுக் குடுத்திருக்கேன்.

20 ஏப்ரல்

பெட்டி கட்டினேன். ஸ்வெட்டர் இரண்டு. வடகப் பொட்டலத்தை வைத்தேன், எடுத்தேன். துணியெல்லாம் நாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

24 ஏப்ரல், பாரிஸ்

மூன்றாம் நாள் மதியம். படகில் போனோம். குளிரில் பல் கிட்டியது. ஃபோன் நாலு தரம் அடித்தது. "எடுக்கலையா?" என்றாள் நிர்மலா. தலையை ஆட்டினேன். டவருக்குக் கீழே எறும்பு போல ஆட்கள். அதில் அவர் எது என்று தெரியவில்லை. இருபத்தோரு வருஷம் நான் நின்றேன், ஒரு மதியம் அவர் நிற்கட்டும்.

ஊர் நல்ல அழகு.

3 மே

மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. வடகம் கிள்ளிப் போட்டுத் தாளித்தேன். நிர்மலா இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். அத்தை கை வடகம், வாசனைக்குக் குறைவில்லை. தீபாவளி வரைக்கும் எனக்குத் தாங்கும்.