டிஸ்சார்ஜ்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இவர் குரலே இன்று சரியில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் புது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கப் போனவர், கொரோனாவில் விமானம் நின்று அங்கேயே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வீடியோ காலில் வந்தார்.

"இன்னைக்கு நிறைய டிஸ்சார்ஜ்," என்றார்.

"நல்ல விஷயம்தானே?" என்றேன்.

"கட்டில் காலியானா சாஃப்ட்வேர்ல டிஸ்சார்ஜ்னுதான் போடணும். வீட்டுக்குப் போனாலும் அதான், செத்துப்போனாலும் அதான். வேற பட்டனே இல்லையான்னு நர்ஸுங்க என்கிட்ட கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

சாப்பிட்டீங்களா என்று கேட்டு வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இங்கே ஹைதராபாத்தில், அமீர்பேட் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இவருடைய அப்பாவைக் கொரோனா என்று அங்கே சேர்த்ததிலிருந்து எங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு பெண் தெலுங்கில் படபடவென்று சொன்னாள். "ரேப்பு பொத்துன டிஸ்சார்ஜ் அம்மா, ரண்டி." நாளைக் காலையில் டிஸ்சார்ஜ், வரச் சொல்கிறாள். எப்படி இருக்கிறார் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். திருப்பி அடித்தால் எடுக்க ஆளில்லை.

"என்னவாம்?" என்றார் அத்தை, சமையலறையிலிருந்து.

"நாளைக்கு டிஸ்சார்ஜாம் அத்தை."

"மீனாட்சி காப்பாத்திட்டா! உங்க மாமாவுக்கு இட்லிதான் தொண்டையில இறங்கும்." உடனே அரிசியும் உளுந்தும் களைந்து ஊறப் போட்டார்.

இன்னும் ஆஸ்பத்திரிக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவருக்குச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

கிரைண்டர் ஓடுகிறது. நிறுத்துங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.