யாழினி ஒன்றாக்கிய படம்

மாமாவுக்கு, சென்னம்மாள் கும்பிட்டு எழுதுவது. இருமல் குறைந்ததா? திருப்பூரில் நானும் நம் பேத்தி யாழினியும் சுகம்தான்.

எங்கள் சாயப்பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவர்கள் தங்கள் வேலைமுறையை வட்டமும் அம்புமாக வரைந்திருந்தார்கள். தொட்டி கழுவுகிறவர்கள் கட்டம் கட்டமாக. யாழினி படித்தவளாயிற்றே, இரண்டையும் ஒரே படமாக்கினாள். ஆள் தொட்டிக்குள் இருக்கும்போதே மிஷின் ஓடிவிடலாம் என்பது அதில்தான் தெரிந்தது. மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“தனித்தனியாப் பாரு கண்ணு, ரெண்டும் சரிதானே? ஷிப்மென்ட் போகட்டும்” என்றார் மேனேஜர்.

செவ்வாயன்று அருள்குமார் தொட்டி கழுவ இறங்கியிருக்கும்போதே மிஷின் ஓடி, அப்படியே செத்துப்போனான். படத்தைத் தன்னிடம் காட்டவே இல்லை என்று போலீசிடம் சொல்லச் சொன்னார் மேனேஜர்.

“பொய் சொல்ல மாட்டேனுங்க சார்” என்றாள் நம் பேத்தி. எனக்குப் பெருமைதான். அவளுக்கும் எனக்கும் வேலை போயிற்று.

ஞாயிறன்று வருகிறோம். கொள்ளு ஊறப்போடுங்கள், அதையாவது சாப்பிடுவாள்.

அருள்குமாரின் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். தனியாக அனுப்ப மனமில்லை, நானும் கூடப் போகிறேன். கடிதத்தை இத்தோடு நிறுத்துகிறேன்.