இரைப்புத் தொல்லை காரணமாக மூடப்பட்ட பூங்கா

அனுப்புநர்
அச்சகப் பிழை திருத்துநர்,
கீழ்வீடு, பூங்காத் தெரு.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருப் பூங்காவின் பூட்டைத் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. புகார் மனு நன்றியில் தொடங்குவது வழக்கமில்லைதான். ஆனால் தங்கள் அலுவலகம் பூங்காவில் நட்ட மரங்களால் நன்றாக இருந்த குடும்பம் எங்களுடையது. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

1. சில ஆண்டுகளாகக் கோடை முடிகிற பாடாக இல்லை. மழை தள்ளிப்போகிறது, புழுதி அடங்குவதில்லை, வண்டிப் புகை தெருவை விட்டு நகர்வதில்லை. என் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது இப்படித்தான். பருவநிலை மாறியதை முதலில் பிள்ளைகளின் நெஞ்சுதான் சொல்கிறது என்றார் மருத்துவர்.

2. பூங்கா வந்த பிறகு மாலையில் அவள் மர நிழலில் ஓடினாள். இன்ஹேலர் பையிலேயே கிடந்தது. ஓடியவள் கத்தவும் செய்தாள். கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாடி வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவருக்கோ அது தலைவலி. இரைச்சல் தாங்கவில்லை என்று தங்களிடம் மனு கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு செய்கிற வேலை.

3. அதன்பேரில் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பில், ‘குழந்தைகளின் இரைப்புத் தொல்லை காரணமாகப் பூங்கா மூடப்படுகிறது’ என்று உள்ளது. ‘இரைச்சல்’ என்றிருக்க வேண்டும். தொழில் புத்தி, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அரசாங்கக் காகிதமாயிற்றே என்று மூடி வைத்தேன்.

4. இப்போது பிள்ளைகள் லாரி போகும் சாலையோரப் புழுதியில் விளையாடுகிறார்கள். மகளுக்கு இரைப்பு திரும்பிவிட்டது. படியில் உட்கார்ந்து அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தால், பெற்றவளான எனக்குப் பயமாக இருக்கிறது. கடிகாரக்காரரும் பார்த்தார். “நான் இரைச்சலுக்குத்தானே மனு போட்டேன், இரைப்புக்கா போட்டேன்?” என்று கேட்டவர், பேனாவை வாங்கி இந்த மனுவில் தானும் கையொப்பமிட்டார்.

ஆகவே ஐயா, அறிவிப்பிலுள்ள பிழையைத் திருத்தத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். பூட்டை மட்டும் திறந்துவிடுங்கள். இரைப்பை இரைச்சலாகப் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள்.

இடம்: பூங்காத் தெரு
நாள்: ஜூன் 14

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) பிழை திருத்துநர்
(ஒப்பம்) மாடி வீட்டுக் கடிகாரக்காரர், முந்தைய மனுதாரர்