வாணியின் உரையில் நான் அடித்த சொல்

அன்புத் தங்கை வாணிக்கு,

சிவநேசன் எழுதுகிறேன். நீ பேசவிருந்த உரையைத் தடுத்தவன் நான். அந்தத் தவறை நம் வாசகர் வட்டத்தார் முன்னிலையில் ஒப்புக்கொள்வதே இக்கடிதத்தின் நோக்கம். நீ போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று எழுத இன்னும் கை வரவில்லை.

பள்ளியில் இயற்பியல் நடத்திய நீ, நியூட்ரினோவுக்கும் இருண்ட ஆற்றலுக்கும் உறவு உண்டா என்று பேச விரும்பினாய். நம் உடலையும் இங்குள்ள நிலக்கரிப் படுகையையும் ஏறக்குறைய எதையும் தொடாமல் கடந்துபோகும் நுண்துகள் அது. இருண்ட ஆற்றலோ, பிரபஞ்சத்தை மேலும் மேலும் விரைவாக விரியச் செய்யும், இன்னதென்று அறியப்படாத ஒன்று. முன்னதன் மிகச் சிறிய நிறையும் பின்னதன் ஆற்றல் அளவும் அருகருகே வருகின்றன. இது தற்செயலா? 'தொடர்பு இருக்கலாம்' என்று எழுதியிருந்தாய்.

வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த 'இருக்கலாம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். நான் சுரங்கத்தில் பாதுகாப்பு அலுவலன். நிலக்கரியைக் கொண்டுசெல்லும் கன்வேயரில் பழுது பார்க்க ஆள் இறங்குமுன், ஆபத்தில்லை என்று அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்திட வேண்டியவன். 'மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கலாம்' என்று அதில் எழுத முடியாது. எழுதினால் ஓர் உயிர் போகும். அந்த விதியை உன் தாளுக்கும் பொருத்தினேன்.

"உண்டுன்னு எழுது, இல்லன்னா இல்லைன்னு எழுது. அப்பதான் மேடை" என்றேன்.

"ஏண்ணா, நீ பெர்மிட் குடுக்கிற வரைக்கும் பிரபஞ்சம் விரியாம நிக்குமா?" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பு போய்விட்டது. "உண்டுன்னு எழுதினா அது பொய்ண்ணா. மாத்த மாட்டேன், போ."

நானும் மாறவில்லை. மூன்று வாரம் பேசாமலே இருந்தோம். காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன நீ திரும்பவேயில்லை.

சென்ற ஞாயிறு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நம் கூட்டத்துக்கு வரும் தனலட்சுமி கேட்டார்: "டீச்சரு ஏதோ துகளப் பத்திப் பேசுறேன்னு சொல்லிகினே இருந்தாங்களே, ஏன் சார் வுடல?"

"உரை விதிப்படி இல்லைம்மா."

"அவங்களே பூட்டாங்க. இன்னுமா சார் விதி?"

வீட்டுக்கு வந்து உன் தாளைக் கடைசிவரை படித்தேன். ஆம், முதன்முறையாக. அன்று நான் அடித்த வரியோடு நிறுத்தியிருந்தேன். எந்த அளவீடு வந்தால் இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். நான் கையெழுத்திட்ட எந்தப் பெர்மிட்டும் அவ்வளவு கண்டிப்பானதல்ல. அதைப் படிக்காமலா உன்னிடம் கண்டிப்பு பேசினேன்?

உனக்கு ஒரு செய்தி. இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதோ என்ற ஐயம் அண்மைக்கால அளவீடுகளால் வலுத்திருக்கிறது. அதில் நியூட்ரினோவின் பங்கு இன்னும் முடிவாகவில்லை. இதைக் கேட்டால் நீ எப்படித் துள்ளியிருப்பாய்?

வரும் ஞாயிறு உன் உரையை ஒரு சொல்லும் குறையாமல் நானே வாசிப்பேன். முடிவு என்னவென்று எவரேனும் எழுந்து கேட்டால், என் பணிக்காலத்தில் ஒருமுறையும் சொல்லாத பதிலை உன் சார்பில் சொல்வேன்: தெரியாது.

உன்னைக் கடைசிவரை கேட்காமல் போன அண்ணன்,
சிவநேசன்