லவீனியாவும் தோள் பெல்ட்டும்

1976 மார்ச் 2, செவ்வாய்

'விமானம்' என்று இன்று பார்க்காமல், பிழையில்லாமல் நானே எழுதினேன். அறுபத்தாறு வயதில்! இரவுப் பள்ளி டீச்சர் கைதட்டினார். பகலெல்லாம் விமானத்துக்குள்தான் கிடக்கிறேன். ஆள் உயரப் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டி, இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் கட்டுவது என் வேலை. பிறகு பொறியாளர்கள் அந்த விமானத்தை இரும்புக் கோபுரத்தில் கட்டித் தூக்கி, ஊஞ்சல்போல் விட்டுத் தரையில் மோதவிடுவார்கள். உள்ளே மனிதர்கள் இருந்தால் பிழைப்பார்களா என்று பார்க்கத்தான்.

மார்ச் 5

என் மனைவி லவீனியாவின் தம்பி மகன் டெல்மர் சின்ன விமானம் ஒன்று வாங்கியிருக்கிறான். ஈஸ்டருக்கு எங்களைத் தீவில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போகிறானாம். அதில் இடுப்பு பெல்ட் மட்டும்தான்! தோள் பெல்ட் மாட்டாமல் ஏறக்கூடாது என்றேன்.

"புது கவுன் கசங்கும். ஈஸ்டர் அன்னிக்கு மூட்டை மாதிரி போயி எறங்கணுமா?"

"மோதினா தலை விமானத்தோட முன்பலகையில இடிக்கும், லவீனியா."

"இடிச்சா என் தலைதானே? உன் பொம்மையோடது இல்லியே."

தூக்கம் போச்சு. நான் பார்க்கிறதை அவள் பார்த்ததில்லையே!

மார்ச் 6

அவள் புது கவுனை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டாள். நான் கொல்லையில் போய் விறகு பிளந்தேன்.

மார்ச் 17

இன்று குடும்பத்தார் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நாள். நான் ஒரு வேலை செய்தேன். முன்னிருக்கையில் இரண்டு பொம்மைகள், ஒன்றுக்கு மட்டும் தோள் பெல்ட்டும் உண்டு. இடுப்பு பெல்ட் மட்டும் கட்டிய பொம்மையின் தலையில் லவீனியாவின் பழைய சர்ச் தொப்பியை மாட்டினேன். விமானம் கோபுரத்தில் மேலே போன பிறகுதான் பொறியாளர் ஹாஸ்கின்ஸ் ஐயா பார்த்தார்.

"யாருய்யா இந்தம்மா? பிரசங்கம் கேக்க வந்தாங்களா?"

நல்ல திட்டு. வேலை போகவில்லை.

விமானம் மோதியது. தோள் பெல்ட் பொம்மை அப்படியே உட்கார்ந்திருந்தது. மற்றதன் முகம் முன்பலகைக்குள் போய்விட்டது. தொப்பி ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

"அடப்பாவி, அது என் தொப்பி!" என்று வேலிக்கு வெளியிலிருந்து கத்தினாள் லவீனியா.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது சொன்னாள்: "அந்த இன்னொரு பொம்மைக்கு உடுப்பு கசங்கவே இல்ல, பாத்தியா?"

ஏப்ரல் 18, ஈஸ்டர்

லவீனியா சொல்லி, டெல்மர் விமானத்தின் நான்கு இருக்கைக்கும் மெக்கானிக் தோள் பெல்ட் போட்டிருந்தார்.

"மாமா, இது விமானமா, குதிரை வண்டியா? இத்தனை வாரு!" என்றான் டெல்மர்.

"வாய மூடிட்டு ஓட்டுடா" என்றாள் லவீனியா. தன்னுடையதை இறுக்கினாள். பிறகு என்னுடையதையும், மூச்சு முட்டும் அளவுக்கு.

நான் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இறங்கப்போகிறோம் என்று டெல்மர் சொன்னான். இருக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணத் தொற, கெழவா. எறங்கியாச்சு."

திறந்தேன். இரண்டு இறக்கையும் இருந்தன. மூக்கும் இருந்தது. இத்தனை வருஷத்தில், முழுசாகத் தரையிறங்கிய விமானத்தை இன்றுதான் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன்.