தடியனைக் கறிக்கடைக்குக் கொடுக்காதே

அண்ணா,

"இந்த ரெண்டு வான்கோழியில எதுடி ஆணு, எது பொண்ணு?" என்று நேற்று கேட்டாய். உன் காலைக் கொத்தினானே தடியன், அவன்தான் ஆண். மீசை முளைக்கிற வயசு. நீயும் ஒரு வான்கோழி என்று நினைத்துவிட்டான். மார்பை நிமிர்த்தி, முகம் சிவக்கக் கத்திக்கொண்டே கூண்டுக்குள் போனால் பாவம், வேறென்ன நினைப்பான்? அதற்காக இன்று கறிக்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கிறாய். திருப்பி அனுப்பிவிடு. கத்துகிற உன்னையே வீட்டில் வைத்துச் சோறு போடுகிறோம்.

தீனி பச்சை வாளியில் இருக்கிறது. என்னிடம் கத்துவதுபோல் அவனிடம் கத்தாமல் வை.

பி.கு: பெண் எது என்று சொல்லவில்லையே! நீங்கள் இரண்டு பேரும் சிலிர்த்துக்கொண்டு நின்றபோது, தீனியைத் தின்று முடித்துவிட்டு, ஒரு சத்தமும் போடாமல் வெளியே போனதே, அதுதான். நானும் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பவில்லை.